ஓபல் கல்லை வெள்ளியில் பதிப்பது எப்படி: குன்னூர் பட்டறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

இதில் நாம் செய்யப்போவது ஒரு டாலர். 10 மி.மீ. நீளமும் 8 மி.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவ ஓபல், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளிச் சுவர், பின்னால் வெள்ளித் தகடு, மேலே சங்கிலி கோர்க்க ஒரு வளையம். மோதிரம் வேண்டாமா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முதல் வேலைக்கு வேண்டாம். கை நாள் முழுக்க எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கும், ஓபலோ இடி தாங்காத கல். ஆறேழு டாலர் செய்து கை பழகிய பிறகு மோதிரத்துக்குப் போகலாம்.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். நெருப்பு, அமிலம், தண்ணீர், மெருகு எல்லாம் முடிந்து, வெள்ளி ஆறி உலர்ந்த பிறகுதான் கல் உள்ளே போக வேண்டும். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் உடைத்த கற்களில் பெரும்பாலானவை இந்த வரிசை தப்பியதால் உடைந்தவை.

1. கையில் இருப்பது எந்தக் கல் என்று முதலில் பாருங்கள்

ஓபல் என்பது சிலிக்காவும் தண்ணீரும் சேர்ந்தது. நகைக்கு வரும் கற்களில் பொதுவாக எடையில் 3 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர்தான். சூடு பட்டால் அந்தத் தண்ணீர் வெளியேறப் பார்க்கும். வெளிப்புறம் சூடாகி உள்புறம் குளிர்ந்தே இருந்தால் கல் அந்த இழுப்பைத் தாங்காமல் விரியும். இது எல்லா ஓபலுக்கும் பொது. ஆனால் தண்ணீரைத் தொடலாமா, எண்ணெய் படலாமா, பின்பக்கத்தைத் திறந்து வைக்கலாமா என்பதெல்லாம் வகையைப் பொறுத்தது. அதனால்தான் இதை முதல் படியாக வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் கூபர் பெடி பக்கம் கிடைக்கும் வெள்ளை ஓபலும், லைட்னிங் ரிட்ஜ் பக்கம் கிடைக்கும் கறுப்பு ஓபலும் முழுக் கற்களாக வந்தால் வேலை எளிது. அவை தண்ணீரை உறிஞ்சுவதில்லை. எத்தியோப்பியாவின் வெலோ பகுதிக் கல் வேறு மாதிரி. அது பஞ்சு போல ஈரத்தை இழுக்கும். தண்ணீரில் விழுந்தால் கண்ணாடி மாதிரித் தெளிந்து நிறம் மறைந்துவிடும். உலர்ந்ததும் நிறம் திரும்பும், ஆனால் அதற்குச் சில நாள் பிடிக்கும். இப்போது சந்தையில் குறைந்த விலைக்கு, நல்ல நிறத்தோடு வருகிறவற்றில் நிறைய இந்த வகைதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கல்லின் பின்பக்கத்தில் ஊசி முனையால் ஒரே ஒரு துளி தண்ணீர் வையுங்கள். துளி உருண்டு நின்றால் உறிஞ்சாத கல். மெல்லப் பரவி உள்ளே போனால் உறிஞ்சும் கல். நாக்கு நுனியில் வைத்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் அதே சோதனைதான். நான் தண்ணீர்த் துளியையே நம்புகிறேன்.

அடுத்து, கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ஓரத்தில் கோடு இழுத்தது போல நேராக ஒரு பிரிவு தெரிந்தால் அது ஒட்டுக்கல். மேலே மெல்லிய ஓபல், கீழே கறுப்புக் கல் அல்லது கறுப்புக் கண்ணாடி, நடுவில் பசை. சிலவற்றில் மேலே இன்னொரு தெளிவான மூடியும் இருக்கும், மூன்றடுக்கு. இவற்றை மோசடி என்று ஒதுக்க வேண்டாம். ஒட்டுக்கல் என்று சொல்லி விற்றால் அழகான, விலை குறைந்த கல்தான். ஆனால் அதிக நேரம் தண்ணீரில் கிடந்தால் பசை விட்டு, ஓரத்திலிருந்து வெள்ளையாக மூடுபனி ஏறியது போல ஆகிவிடும்.

கடைசியாக, வெறும் கண்ணாடி. பால் நிறத்தில், கறுப்புத் துணிமேல் வைத்தால் நீலமாகவும், ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஆரஞ்சாகவும் தெரியும். கல்லை அசைக்கும்போது பச்சை, சிவப்பு, நீலம் என்று புள்ளி புள்ளியாக நிறம் இடம் மாறி ஓடினால்தான் நகைக்கு நாம் தேடும் ஓபல். இந்தக் கண்ணாடியில் அந்த ஓட்டம் இருக்காது. மலைக்குச் சுற்றுலா வந்த இடத்தில் வாங்கினேன் என்று எத்தனையோ பேர் இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். நிறம் ஓடினாலும் லென்ஸில் அது பாம்புச் செதில் மாதிரி ஒழுங்காக அடுக்கி இருந்தால், ஆய்வகத்தில் வளர்த்த கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. கல்லை ஒரு மாதம் சும்மா வைத்துப் பாருங்கள்

பலரும் தவிர்க்கிற படி இது. கல் ஜெய்ப்பூரிலிருந்து கூரியரில் வந்திருக்கும். வழியெல்லாம் வெயில், பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்கு ஏறியிருக்கும். வந்த அன்றே பதித்துவிடாதீர்கள்.

பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டு, அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, வீட்டின் நடுவில் உள்ள அலமாரியில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, விளக்கு வெளிச்சம் சாய்வாகப் படும்படி பிடித்து லென்ஸில் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்பதுதான் கேள்வி.

விரியப்போகிற கல் நாம் உழைப்பைப் போடுவதற்கு முன்பே விரியட்டும் என்பதுதான் காரணம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இன்னும் கவனம் வேண்டும். காற்று வறண்டிருக்கும், இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். நான் அந்த மாதங்களில் புதுக் கல்லைப் பதிப்பதே இல்லை.

3. சாமான்கள்

அடித்தகட்டுக்கு 925 வெள்ளி, 0.8 மி.மீ. கனம். சுவருக்கு 999 சுத்த வெள்ளி, 0.3 மி.மீ. கனம், 3 மி.மீ. அகலப் பட்டை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 925-இல் செம்பு கலந்திருப்பதால் விறைப்பு அதிகம், அது அடித்தகட்டுக்கு நல்லது. சுவர் கல்லின்மேல் மடங்க வேண்டும். விறைப்பான சுவரை மடக்க அழுத்த வேண்டும், அழுத்தினால் கல் உடையும். சுத்த வெள்ளி விரல் நகத்துக்கே வளைந்து கொடுக்கும். கோவை ராஜ வீதிப் பக்கம் கேட்டால் சொன்ன கனத்துக்குத் தகடு இழுத்துத் தருவார்கள்.

பற்றவைக்கப் பொடி, அதாவது உருகி இரண்டு துண்டை ஒட்டவைக்கும் வெள்ளிக் கலவை, மூன்று தரம் வேண்டும். கடினமாக உருகுவது, நடுத்தரம், எளிதில் உருகுவது. வாங்கும்போது காட்மியம் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். தங்கத்தில் கேடிஎம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே காட்மியம்தான். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். சமவெளிக்காரர்களைவிட நமக்கு இதில் ஆபத்து அதிகம், ஏனென்றால் குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறோம். ஸ்வெட்டர் இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வெங்காரம், படிகாரம், ஆப்பசோடா, கேஸ் டார்ச், பற்றவைக்கும்போது அடியில் வைக்கத் தீக்கல் (சூடு தாங்கும் செங்கல்) அல்லது கரிக்கட்டை, கம்பி ரம்பம், மெல்லிய அரம், 400, 600, 1000 எண் உப்புத்தாள், வெர்னியர், மூங்கில் இடுக்கி, தோல் ஒட்டிய மரக் கவ்வி. இவற்றோடு பென்சில் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பி, 4 மி.மீ. தடிமன். அதன் முனையைத் தட்டையாக அராவி, கூர் எதுவும் இல்லாமல் வழவழப்பாக்கி வையுங்கள். சுவரை மடக்கும் கருவி இதுதான். கடைகளில் கிடைக்கும் எஃகுக் கருவி நழுவினால் ஓபலில் கீறல் விழும். பித்தளை ஓபலைவிட மென்மை, நழுவினாலும் கீறாது. பட்டுநூல் ஒரு முழமும் எடுத்து வையுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

4. அளந்து சுவரை வெட்டுவது

கல்லின் நீளம், அகலம் இரண்டோடும் வெள்ளியின் கனத்தைக் கூட்ட வேண்டும். நமது கல்லுக்கு 10.3, 8.3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 9.3. அதை 3.14-ஆல் பெருக்கினால் 29.2 மி.மீ. இதுதான் பட்டையின் நீளம். வெள்ளியின் கனத்தைக் கூட்ட மறந்து 28.3-க்கு வெட்டிவிட்டு, கல் போகவில்லையே என்று திணிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு.

கல் ஒழுங்கான முட்டை வடிவமாக இல்லாவிட்டால் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு தாள் பட்டையைக் கல்லைச் சுற்றிப் பிடித்து, சேரும் இடத்தில் குறித்து, கனத்துக்காக ஒரு மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் இன்னும் முக்கியம். கல்லைத் தட்டையாக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அடியிலிருந்து நேராக ஏறிய பக்கம் எந்த உயரத்தில் உள்நோக்கி வளையத் தொடங்குகிறது? அதற்குமேல் அரை மி.மீ.க்குச் சற்று அதிகமாகச் சுவர் இருந்தால் போதும். என் கல்லில் வளைவு 1.5 மி.மீ.இல் தொடங்குகிறது, சுவர் 2.2 மி.மீ. உயரத்துக்கு அராவிக்கொள்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் கல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் சுவரை உயர்த்துவார்கள். உயரமான சுவர் மடங்கும்போது சுருக்கம் விழும், சுருக்கத்தைச் சரிசெய்ய அழுத்துவார்கள், அதற்குப் பிறகு நடப்பதை ஊகிக்கலாம்.

5. முதல் பற்று: சுவரின் இரு முனைகள்

பட்டையின் இரு முனைகளையும் நேராக அராவி, ஒன்றோடொன்று முட்டும்படி வளையுங்கள். இப்போது வடிவம் முக்கியமில்லை, கோணல் வளையமாக இருந்தாலும் சரி. முனைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பொடி இடைவெளியை நிரப்பாது, ஒட்டியிருக்கும் இடத்தில்தான் ஓடும்.

வெங்காரத்தைத் தண்ணீர் விட்டு உரைத்துக் குழம்பாகப் பூசி, கடினப் பொடியில் கடுகளவு துணுக்கு ஒன்று வைத்து, வளையம் முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்குங்கள். துணுக்கின்மேல் மட்டும் தீயைக் காட்டினால் அது உருண்டு உட்கார்ந்துகொள்ளும், ஓடாது.

ஆறியதும் கழுவி, முட்டை வடிவத்துக்கு வளைத்து, கல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். மேசைமேல் கல், அதன்மேல் சுவர். தானாக நழுவிக் கீழே இறங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வட்டமான இரும்புக் கம்பியில் மாட்டி லேசாகத் தட்டினால் சுவர் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். கல்லை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

6. சுவரை அடித்தகட்டில் ஏற்றுவது

சுவரின் அடிப்பக்கத்தை 400 தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்குங்கள். அடித்தகட்டைச் சுவரைவிட எல்லாப் பக்கமும் 2 மி.மீ. பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். மேலே வைத்து விளக்குக்கு நேரே பார்க்கும்போது அடியில் ஒளிக்கீற்று வரக் கூடாது.

நடுத்தரப் பொடித் துணுக்குகளைச் சுவருக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் உருகிய பிறகு சின்ன மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டின்மேல் கல் உட்காரும். சுவரை மடக்கும்போது கல்லின் ஒரு பக்கம் தூக்கி நிற்க, மறுபக்கம் அமுங்க, நடுவில் விரிசல் விழும். ‘நான் மெதுவாகத்தானே அழுத்தினேன், ஏன் உடைந்தது’ என்று கேட்கிறவர்களின் உடைந்த கல்லை எடுத்துவிட்டு அடித்தகட்டைத் தடவிப் பார்த்தால், பல தடவை இந்த மேடு விரலில் தட்டுப்படும்.

தீயை முதலில் அடித்தகட்டில் சுற்றிக் காட்டுங்கள். தகடு கனம், சுவர் மெல்லியது. சுவரில் நேராகக் காட்டினால் தகடு சூடாவதற்குள் சுவர் உருகிவிடும். பொடி சூடான பக்கம் ஓடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, துணுக்கு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சூட்டைக் கொண்டுபோனால் அது சுவரின் அடியில் நுழைந்து சுற்றி வந்துவிடும். வெள்ளிக் கோடாகப் பளிச்சென்று மின்னும். மின்னியதும் தீயை எடுத்துவிடுங்கள்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு விஷயம். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் இன்னும் குறைவு. கோவையில் பழகிய அளவுக்கு டார்ச்சைத் திருகினால் தீ மஞ்சளாகிப் புகையும், சூடும் போதாது. கேஸைக் குறைத்து, காற்றுத் துளையை முழுக்கத் திறங்கள், நீலத் தீ வரும். தீக்கல்லையும் முதலில் ஒரு நிமிடம் சூடாக்கிவிடுங்கள். ராத்திரிக் குளிரில் கிடந்த கல் சூட்டையெல்லாம் குடித்துவிடும். அப்புறம் வெகுநேரம் தீ காட்ட வேண்டி வந்து 925 தகட்டில் செம்புக் கறை ஏறிவிடும்.

ராசிக்காகச் சுக்கிரனுக்கென்று ஓபல் கேட்பவர்கள் கல் உடம்பில் பட வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு அடித்தகட்டின் நடுவில் துளை வெட்ட வேண்டும். சுவர் ஏறிய பிறகு, கம்பி ரம்பத்தால், சுற்றிலும் 1.5 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டுங்கள். விளிம்பில் பிசிறு இல்லாமல் தேய்த்துவிடுங்கள். வியர்வையை இழுக்கும் எத்தியோப்பியக் கல்லுக்கும், ஒட்டுக்கல்லுக்கும் நான் துளை வெட்டித் தருவதில்லை, காரணத்தைச் சொல்லிவிடுவேன்.

7. வளையம், இப்போதே

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை ரம்பத்தால் அறுத்து, ஓரத்தை அராவிய பிறகு, எளிதில் உருகும் பொடியால் மேல் வளையத்தைப் பற்றவையுங்கள். கடினம், நடுத்தரம், எளிது என்ற வரிசை இதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் முந்தின பற்று உருகாத சூட்டில் வேலை முடிந்துவிடும்.

அரவேணுவிலிருந்து வந்து கற்றுக்கொண்ட ஒரு பெண், கை அவ்வளவு சுத்தம். சுவர், மெருகு எல்லாம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கல்லைப் பதித்து முடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், “அக்கா, வளையம் மறந்துட்டேன்” என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கல்லின்மேல் ஈரத்துணியைச் சுற்றித் தீயைக் காட்டிவிட்டாள். மாணிக்கத்துக்கு அப்படிச் செய்வதை எங்கோ பார்த்திருக்கிறாள், மாணிக்கம் தாங்கும். இங்கே பத்து நொடிகூட ஆகவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம், நகத்தைச் சொடுக்கியது போல. துணியை எடுத்தால் கல்லின் குறுக்கே ஒரு கோடு, அதன் ஒரு பக்கம் பச்சை ஓட்டம் அப்படியே இருக்கிறது, மறுபக்கம் வெளுத்துப் போயிருந்தது.

அன்றிலிருந்து பட்டறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ‘வளையம், கொக்கி, முத்திரை’ என்று மூன்றே சொல். கல்லைக் கையில் எடுக்கும் முன் அதைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். முத்திரை என்றது 925 என்று அச்சடிப்பதை. அதுவும் சுத்தியல் அடி, கல் வைத்த பிறகு அடிக்க முடியாது.

8. படிகாரக் குளியல்

ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி படிகாரத் தூள். வெள்ளியைப் போட்டுச் சூடு குறையாமல் வைத்தால் வெங்காரக் கண்ணாடியும் கறுப்பும் கரைந்து வெளுத்து வரும். எடுக்க மூங்கில் இடுக்கிதான். இரும்புக் குறடு உள்ளே போனால் கரைசலில் உள்ள செம்பு வெள்ளியின்மேல் படிந்து எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும்.

பிறகு ஆப்பசோடாத் தண்ணீரில் ஐந்து நிமிடம். சுவரின் அடியில் அமிலம் தங்கினால் பிறகு மெல்லக் கசிந்து கல்லின் அடியில் வேலை காட்டும்.

9. மெருகும் கறுப்பும்

உப்புத்தாள் 400, 600, 1000. பிறகு துணியில் மெருகுப்பசை. சுவரின் மேல்விளிம்பை இப்போது உள்பக்கமாக லேசாக அராவி 0.2 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கிவிட்டால் மடக்கும்போது கை வலிக்காது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். மூலையில் ஒட்டிய மெருகுப்பசை போகவேண்டும், குறிப்பாகச் சிவப்புப் பசை. எத்தியோப்பியக் கல் அந்தச் சிவப்பை உறிஞ்சிவிடும்.

இங்கே கேட்கப்படும் கேள்வி, கல்லை வைத்துவிட்டு மெஷினில் கடைசி மெருகு போட்டால் என்ன? சுழலும் துணி உரசும் சூடே போதும், ஓபல் போய்விடும். எல்லா மெருகும் இப்போதே.

கல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் அடித்தகட்டின் உள்பக்கத்தைக் கறுப்பாக்குங்கள். கறுப்பின்மேல் நிறம் இரண்டு மடங்கு எடுப்பாகத் தெரியும், வெள்ளியின் பளபளப்பின்மேல் வைத்தால் கழுவிவிட்டது போல ஆகிவிடும். இதற்கு வீட்டு முறையே போதும். முட்டையை நன்றாக வேகவைத்து, இரண்டாக வெட்டி, மூடியுள்ள டப்பாவில் டாலரோடு வையுங்கள். முட்டை வெள்ளியைத் தொட வேண்டாம், அதிலிருந்து வரும் கந்தகமே வேலையைச் செய்யும். நம் குளிரில் மெதுவாக நடக்கும், ஓரிரவு விடுங்கள். காலையில் வெளிப்பக்கக் கறுப்பைத் துணியால் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே மட்டும் விட்டுவிடலாம்.

10. மெத்தையும் ஒத்திகையும்

டாலரை ஒருநாள் முழுக்க உலரவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள். மூடுபனி நாட்களில் துணி காயாதது போலச் சுவரின் அடியிலும் ஈரம் காயாது.

இப்போது அந்தப் பட்டுநூலை எடுங்கள். நூலைச் சுவரின் குறுக்கே போட்டு, இரண்டு முனையும் வெளியே தொங்கும்படி விட்டு, அதன்மேல் கல்லை இறக்குங்கள். சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு நூலைத் தூக்கினால் கல் மேலே வந்துவிடும். நூல் இல்லாமல் ஒத்திகை பார்த்தால் கல் உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும். அதை ஊசியால் நெம்பி எடுக்கப்போய் ஓரம் பெயர்த்தவர்கள் ஏராளம்.

கல் உள்ளே இருக்கும்போது விரல் நுனியால் நான்கு ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள். ஆடினால் அடியில் மேடோ பள்ளமோ இருக்கிறது. மேடென்றால் சுரண்டி எடுங்கள். கல்லின் பின்பக்கமே சமமில்லை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டி அடியில் போடுங்கள். மரத்தூள் போடுவது பழைய பழக்கம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மலைக்கு அது ஒத்துவராது. பசையும் வேண்டாம். சுவர் சரியாக இருந்தால் பசைக்கு வேலையில்லை.

11. கல்லை இறக்கிச் சுவரை மடக்குவது

டாலரை எதில் பிடிப்பது? நம் பத்தர்கள் காலங்காலமாக அரக்கில் பதித்துக்கொண்டுதான் கல் வைப்பார்கள். நானும் அப்படித்தான் கற்றேன், முதல் ஓபலையும் அரக்கில் பதித்துத்தான் வைத்தேன். ஒரு கீறல் இல்லாமல் சுவர் மடங்கியது. அப்புறம் டாலரை அரக்கிலிருந்து எடுக்க வேண்டுமே? வழக்கம்போல விளக்கில் காட்டினேன். அரக்கு இளகியது, கல்லும் உள்ளே மங்கிப் போனது. உள்ளே போவதற்குச் சூடு வேண்டாம், வெளியே வரச் சூடு வேண்டும் என்பதை அதுவரை யோசிக்கவே இல்லை. தோல் ஒட்டிய மரக் கவ்விதான் ஓபலுக்கு.

நூல் இல்லாமல் கல்லை இறக்குங்கள். பித்தளைக் கம்பியை உள்ளங்கையில் ஊன்றி, கட்டைவிரலை டாலரின் ஓரத்தில் முட்டுக்கொடுத்துப் பிடியுங்கள். முட்டு இல்லாவிட்டால் கை நழுவி நேராகக் கல்லின் உச்சியில் போய் இடிக்கும்.

முட்டையின் நீள்முனை இரண்டும் முதலில். மேல்முனையில் ஒரு சின்ன அழுத்தம், உடனே அதற்கு நேர் எதிரே கீழ்முனையில் ஒன்று. அடுத்து இடது, வலது. இப்போது நான்கு இடத்தில் சுவர் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும், கல் நடுவில் நிற்கும். நான்குக்கு நடுவே நான்கு, எட்டுக்கு நடுவே எட்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் எதிர்ப்பக்கத்தை அடுத்ததாகச் செய்யுங்கள்.

ஒரு இடத்தில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போகக் கூடாது. அப்படிப் போனால் மிச்ச வெள்ளியெல்லாம் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே புடைத்து நிற்கும், கல்லும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும்.

அழுத்தும் திசையையும் பாருங்கள். முதல் சுற்றில் சுவரை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளுகிறோம், கீழ்நோக்கி அல்ல. சுவர் கல்லின் வளைவில் சாய்ந்த பிறகு, இரண்டாவது சுற்றில்தான் லேசாகக் கீழ்நோக்கி. எவ்வளவு பலம் என்று கேட்டால், பழுத்த தக்காளியின் தோலை அமுக்கிப் பார்ப்போமே, கிழியாமல், அவ்வளவுதான். போதவில்லை என்று தோன்றினால் பலத்தைக் கூட்டாதீர்கள், சுற்றைக் கூட்டுங்கள். நான் ஆறேழு சுற்று போவேன், அரை மணி நேரம் ஆகும்.

கை நடுங்குகிற அளவுக்குக் குளிர் இருந்தால் அன்று இந்த வேலையைத் தொட வேண்டாம்.

12. சோதனையும் கடைசித் துடைப்பும்

காதருகே வைத்து ஆட்டுங்கள். சத்தம் வந்தால் கல் ஆடுகிறது, இன்னொரு சுற்று. பழைய பட்டுத்துணியைச் சுவரின்மேல் இழுங்கள். நூல் மாட்டினால் அந்த இடத்தில் விளிம்பு தூக்கியிருக்கிறது.

மடக்கியபோது சுவரில் விழுந்த சின்னத் தடங்களைப் போக்கக் கல்லின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பித்தளைக் கம்பியின் வழவழப்பான பக்கத்தால் தேய்த்துவிடுங்கள். அரம் வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் ஓபல் 5.5 முதல் 6.5 வரைதான். மேசையில் படியும் சாதாரணத் தூசியிலேயே அதைவிடக் கடினமான மணல்துகள் இருக்கும். அதனால் கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காமல் முதலில் ஊதிவிட்டு, பிறகு துடையுங்கள்.

13. கொடுக்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டியவை

வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். டப்பாவுக்குள் ஒரு சீட்டு வைத்துவிடுங்கள்.

வெள்ளி கறுத்தால் புளி, திருநீறு, பல்பொடி, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். நாம் கொலுசுக்குச் செய்கிறதை இதற்கும் செய்துவிடுவார்கள். வெள்ளியை முக்கி எடுக்கும் திரவமும் வேண்டாம். மெல்லிய துணியால் வெள்ளியை மட்டும் துடைத்தால் போதும்.

எத்தியோப்பியக் கல் என்றால் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கழற்றி வைக்க வேண்டும். நீலகிரித் தைலம் தேய்த்த கையோடு தொடக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இங்கே சளி பிடிக்காத வீடு இல்லை, தைலம் இல்லாத வீடும் இல்லை. எண்ணெய் உள்ளே போனால் கல் மஞ்சளடித்துவிடும், தண்ணீர் மாதிரி அது உலர்ந்து வெளியேறாது. தப்பித் தண்ணீரில் நனைந்து நிறம் மறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம், அலமாரியில் வைத்தால் சில நாளில் திரும்பிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையர் பிடிக்கக் கூடாது.

கணப்பில் குனிந்து குளிர் காயும்போது டாலர் தணலுக்கு நேரே தொங்கும். ரவிக்கைக்குள்ளோ சட்டைக்குள்ளோ விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் கழித்து, அல்லது சேலையில் நூல் இழுக்க ஆரம்பித்தால், கொண்டுவரச் சொல்லுங்கள். சுவர் கொஞ்சம் தூக்கியிருக்கும். பித்தளைக் கம்பியால், அதே எதிர் எதிர் வரிசையில், குளிர்ந்த நிலையிலேயே ஒரு சுற்று அமுக்கிவிட்டால் சரியாகிவிடும்.